பின்வளவு மதிலில் எடுத்த ஆறு கல்

என் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய பிலோமினா அக்காவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. உங்கள் பக்கத்துச் சன்னல்கள் பூட்டியபடி கிடக்கின்றன. சுரங்கத் தொழிலாளருக்கென்று அந்தக் காலத்தில் கட்டி, இப்போது பழமைச் சின்னமாகப் பாதுகாக்கிற எங்கள் ஜெர்மன் தெருவில், கதவின் பச்சை நிறத்தைக்கூட நகரசபையைக் கேட்காமல் மாற்ற ஏலாது என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தது?

உங்களுக்கு ஒப்பரேசன் செய்த குளிர்காலம். பின்கதவு வரைதான் உங்களால் நடக்க முடிந்தது. உறைபனியில் தெருவால் சுற்றி வருவதற்குள் கஞ்சி ஆறிவிடும் என்று, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஆறு கல்லைப் பெயர்த்தேன். பிறகு அந்த ஓட்டைக்குப் பலகை மூடியும் போட்டோம். வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி, உங்களுக்கு இறைச்சி விலக்கி மீன்.

"தங்கச்சி, பலகையை மூடு. மீன் உன்ர பிள்ளையாருக்கு மணக்கப் போகுது."

"சனிக்கிழமை பொரிச்சா உங்கட ஆண்டவர் கோவிப்பாரோ?"

போன மாதம், உங்கள் வீட்டை விற்க முன் பார்வையிட நகரசபை ஆள் வந்தார். மதிலை உடைத்தது யார் என்று என்னைக் கேட்டார். நானே படித்த ஜெர்மனில் சொன்னேன்: பக்கத்து வீட்டு அம்மா, இறந்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னேன், அக்கா? அகதியாக வந்த நாளிலிருந்து அலுவலகக் கடிதம் என்றாலே வருகிற அந்தப் பயம்தானா?

மதிலுக்கு விளக்கம் கேட்டு நகரசபைக் கடிதம் உங்கள் மகள் ஜெனிக்குப் போய்விட்டது. அதை எழுதிக் கொடுக்காமல் வீட்டை விற்க ஏலாதாம். நேற்று வந்து என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள்.

"அன்ரி, அம்மாவுக்கு அப்ப கை தூக்கவே ஏலாது. எப்பிடி உடைச்சவ? என்னட்டை ஏன் மறைச்சவ?"

"தேத்தண்ணியைக் குடி பிள்ளை" என்றேன். இன்று காலை விளக்கேற்றும்போது பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாளை பத்து மணிக்கு நகரசபை ஆளைச் சந்திக்க ரெர்மின் எடுத்திருக்கிறேன். ஜெனியையும் வரச் சொல்லியிருக்கிறேன். உடைத்தது நான் என்று அவளுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். கல்லுக்குக் கல் சோக்குக் கட்டியால் எண் போட்டு, எது எந்த இடம் என்று கொப்பியில் கீறியபோது "கல்லுக்கும் கணக்கோ?" என்று சிரித்தீர்களே, அந்தக் கொப்பியும் என்னோடு வருகிறது. கற்கள் கொட்டிலில் பத்திரமாக இருக்கின்றன.

அதற்குப் பிறகு ஜெனி என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பாளா, அக்கா?

உங்கள் பெயரில் அந்தப் பழி இராது. இது சத்தியம். அடைக்கச் சொன்னால் என் கையாலேயே அடைப்பேன். ஆறாவது கல்லை வைப்பதற்கு முன் மட்டும், குனிந்து அந்த ஓட்டையால் உங்களை ஒருக்கா கூப்பிடுவேன்.

மதிலுக்கு இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
சரசு