கெசட் பழுதில்லை, மச்சான்

ஜப்பான் பாஷை தெரியும் என்று சொல்லி என்னைக் கலியாணம் முடித்த என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் கப்றில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்று வாப்பா சின்ன வயதில் சொல்லித் தந்தார். கேட்டால் கேட்கட்டும். நீங்கள் பதில் சொல்ல முடியாது என்பது இன்றைக்கு எனக்கு ஒரு வசதி. இருந்திருந்தால் ஒரு பகிடி விட்டு, தேத்தண்ணி கேட்டு, கதையை வேறு பக்கம் திருப்பியிருப்பீர்கள்.

இதை ஊரறியத்தான் எழுதுகிறேன். கல்முனை பஸாரில் உங்கள் கடைக்கு வந்து குந்துகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தையும் பஸார் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நம் மகள் நஸீஹா நேர்சரிக்குப் போகிறாள், போகும்போது அழுகிறாள், வரும்போதும் அழுகிறாள். நீங்கள் போனதிலிருந்து நான் இத்தாவில், வீட்டோடு இருக்கிறேன். வெள்ளை உடுப்பு, படலைப் பக்கம் போவதில்லை, வெளி ஆண்களின் முகம் பார்ப்பதில்லை. உங்கள் ரேடியோ டீவி திருத்தும் கடையை உங்கள் கூட்டாளி குணம் அண்ணன்தான் பாண்டிருப்பிலிருந்து வந்து திறக்கிறார்.

செய்யக்கூடாத வேலை ஒன்றையும் செய்கிறேன். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு உம்மா சாய்ந்த பிறகு, உங்கள் கேம் பெட்டியை டீவியில் கொழுவுகிறேன். சத்தத்தை முற்றாகக் குறைத்துவிடுவேன். ஒரு நாள் உம்மா கண்டுவிட்டார்.

“இத்தாவுல இரிக்கிற பொம்புள டீவி போடுறா எண்டு ஊரு கதைக்கும் புள்ள.”

“டீவி இல்ல உம்மா. கேம்.”

“அதுக்கு வேற சட்டமா இரிக்கி?”

ஆனால் நிற்பாட்டச் சொல்லவில்லை. அடுத்த நாள் முன் ஜன்னல் சீலையை அவரே இழுத்துவிட்டுப் படுத்தார்.

நாம் ஒன்றாக விளையாடிய கேம் கெசட்டை விட, உங்கள் பெட்டியில் கிடந்த மற்ற இரண்டு கெசட்டையும் விளையாடி முடித்துவிட்டேன். என் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கப்பல் படம் போட்ட கெசட், படம் அழகு, கதை மோசம். இரண்டு அடி நடக்க விடாமல் சண்டை. கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவதற்குள் வாங்கிய மருந்து முடிந்துவிடுகிறது. நம்மை அனுப்பி வைக்கிற ராஜா எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு முதல் நாளே அவனில் சந்தேகம். கடைசியில் அவன்தான் எதிரி. இதைச் சொல்ல என்னை இவ்வளவு தூரம் நடக்க வைத்திருக்க வேண்டாம்.

மற்றது, கறுப்புச் சால்வைக்காரன் வருகிற கெசட். நாலு பேரில் அவன்தான் வாள் நன்றாக வீசுவான், அதிகம் கதைக்கமாட்டான். நம்பிவிட்டேன். கிடைத்த நல்ல கவசம், மோதிரம் எல்லாவற்றையும் அவனுக்கே போட்டுவிட்டேன். பாதிக் கதையில் அவன் எதிரிப் பக்கம் போய்விட்டான். போனால் போகட்டும். நான் போட்டுவிட்டதையெல்லாம் கழற்றாமலே போய்விட்டான். மற்ற மூன்று பேரும் பழைய சட்டையோடு நிற்கிறார்கள். பெட்டியை நிற்பாட்டிவிட்டு அஸர் தொழப் போனேன், தொழுகையிலும் அவன் நினைப்புத்தான். ஜப்பான்காரர் எல்லாக் கதையிலும் இப்படி ஒருவனை வைக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போது அது எனக்குப் புதினமாகப் படவில்லை.

ஆனால் நம்முடைய கெசட் வேறு. அதில் கதவு இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு எனக்குக் கதை.

நம் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருக்க வருவார். நீங்களும் ஒரு சூட்கேஸோடும் ஒரு கார்ட்போர்ட் பெட்டியோடும் வந்தீர்கள். பெட்டிக்குள் சாரி இருக்கும், சென்ட் இருக்கும் என்று உம்மாவும் சாச்சியும் சுற்றி நின்றார்கள். வெளியே வந்தது வயர். அதற்குப் பிறகு இந்தக் கேம் பெட்டி. சவூதியில் உங்களோடு வேலை செய்த ஜப்பான்காரர் ஊருக்குப் போகும்போது தந்தது என்றீர்கள். “மாப்புளைக்கு வயசு சரியாக் கேட்டாங்களா புள்ள?” என்று சாச்சி என் காதுக்குள் கேட்டார்.

நமக்குள் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. முன்பின் தெரியாமல் முடித்த கலியாணம். ஊரடங்கு போட்டுவிட்டால் கடையும் இல்லை, வெளியும் இல்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் நீங்கள் கேம் பெட்டியைப் போட்டீர்கள். நான் கதவு நிலையில் நின்று பார்த்தேன். பிறகு பாயின் ஓரத்தில். பிறகு ஜொய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டேன். உங்களுக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. அதை நான் அப்போதே சொன்னேன்.

அன்றைக்கே வேலையைப் பிரித்தோம். சண்டை எனக்கு, கதை உங்களுக்கு. திரையில் யாரும் வாய் திறந்தால் நீங்கள் ஜொய்ஸ்டிக்கை வாங்கிக்கொள்வீர்கள், வாசித்துச் சொல்வீர்கள்.

“இந்தக் கிழவி என்ன செல்றா?”

“குகைக்குள்ள பாம்பு இரிக்காம், கவனமாப் போகட்டாம். வரக்குள்ள மரக்கறியும் வாங்கிட்டு வரட்டாம்.”

ஜப்பான் கிழவிகள் எப்படி என் உம்மா மாதிரியே கதைக்கிறார்கள் என்று கேட்டேன். “உலகத்துல எல்லா உம்மாவும் ஒண்டுதான்” என்றீர்கள். உங்களுக்கு அந்தப் பாஷையில் ஸலாம் சொல்லவும் பத்து வரை எண்ணவும் மட்டும்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். அந்தப் பொய்யில் நானும் பங்கு. அதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.

வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி கூடவே வருவாள், எல்லாருக்கும் மருந்து கொடுக்கிறவள். என் பெயரைத்தான் வைக்கிறேன் என்று சொல்லி, தூண்டில் மாதிரி ஒன்று, அகப்பை மாதிரி ஒன்று என்று எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டீர்கள். வாளோடு முன்னால் நடக்கிறவன் நீங்கள். அப்போது சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? “முடிவ ஒண்டாத்தான் பாப்பம். நீங்க இல்லாம நான் பாக்கமாட்டன், நான் இல்லாம நீங்களும் பாக்கப்படா.” நான் ஓம் என்றேன். நிக்காஹ் அன்றைக்கு என்னை யாரும் நேரே கேட்கவில்லை, வாப்பாதான் எனக்காகச் சொன்னார். நானாக உங்களிடம் வாய் திறந்து சொன்ன முதல் ஓம் அதுதான்.

கடைசிக் கோட்டைக்குப் போனோம். பெரிய கதவு, அதற்கு முன்னால் ஒரு கேள்வி, கீழே பதிலுக்கு இரண்டு வரி. அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. அடுத்த நாள் தூசி தட்டிக்கொண்டு வருகிறேன் என்று பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனீர்கள். திரும்பக் கொண்டுவந்த பிறகு, கதவடியில் ஜொய்ஸ்டிக்கை வாங்கி மேல் வரியை அழுத்தினீர்கள். திரை இருண்டது, முதல் படத்துக்கே போய்விட்டது. “கெசட் பழுது. இதுக்கு மேல போகா” என்றீர்கள். முகம் வாடியிருந்தது. கெசட்டுக்காக வாடியது என்று நினைத்து நான்தான் உங்களைத் தேற்றினேன்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை முதலிலிருந்து தொடங்கினோம்? நஸீஹா பிறந்து, தவழ்ந்து, வயரைக் கடித்து, உங்கள் மடியில் இருந்து பார்க்கிற வயது வரைக்கும். ஒவ்வொரு தடவையும் அதே கதவு. “தாங்க, நான் பாக்கன்” என்று வாங்குவீர்கள், மேல் வரி, இருட்டு. பையில் மருந்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை திறக்கும் என்று நான் பக்கத்தில் இருப்பேன். என்னை அப்படி இருக்கவிட்டு எப்படி மச்சான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

போன மாதம் குணம் அண்ணன் உம்மாவைப் பார்க்க வந்தார். நான் சீலைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அந்த மனிதர் வாய் திறந்தார், அவரில் ஒரு பிழையும் இல்லை.

“தங்கச்சி, அந்தாளு மனசால சரியான மெல்லிசு. அந்த ஜப்பான் கேமைக் கடையில வெச்சி முடிச்ச அண்டைக்கு, அந்தப் பொம்புளப் புள்ள செத்துப்போக, அந்தாளு அழுத அழுகையப் பாத்திருக்கணும். பாட்டு ஒண்டு போகும் பாருங்க, எங்களுக்கும் கண்ணால தண்ணி வந்திட்டு.”

அவரே தொடர்ந்தார்.

“உங்கட பேர வெச்ச புள்ளயாமே. நீங்க அப்ப வயித்தில புள்ளயோட. இத அவவுக்கு எப்பிடிக் காட்டுற குணம், கெசட் பழுதெண்டு செல்லப்போறன் எண்டார்.” பிறகு அவர் குரல் இறங்கியது. “நெஞ்சு வருத்தத்துக்கு மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தானே. டொக்டர் அண்டைக்கே சொல்லிட்டார். வீட்டுல படுத்து மருந்து எடுங்க எண்டன். கேக்கல்ல. மாப்புளயா வந்த வீட்டுல நோயாளியாப் படுக்கப்படா எண்டிட்டார். தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியும்தானே?”

உம்மா என் பக்கமாகத் திரும்பினார். நான் “ஓம்” என்றேன். உங்கள் மானத்துக்காக அந்தப் பொய்யையும் சொன்னேன்.

மட்டக்களப்புக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனீர்கள். நான் சோறு கட்டித் தந்தேன். வழியில் செக் பொயின்ட்டில் இறக்கி ஏற்றுவார்களே, வெயிலில் நிற்பீர்களே என்று அதற்குத்தான் பயந்தேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் இருந்திருக்கிறீர்கள். திரும்பி வந்து, “சாமான் கிடைக்கல்ல” என்றீர்கள்.

மாப்பிள்ளையாக வந்த வீடாம். இத்தனை வருஷம் இருந்தும் இது உங்களுக்கு உங்கள் வீடாகவில்லையா? என் உம்மா ஒரு நாள் உங்களை முகம் சுளித்துப் பார்த்தாரா? நம் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கிறது. பெண் வீட்டில் கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவார்கள், காய்ச்சல் வந்தால் உம்மா வீட்டுக்கு ஓடுவார்கள். உங்களுக்கு ஓடவும் உம்மா இருக்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம்.

குணம் அண்ணன் போன அடுத்த நாள் நம் கெசட்டைப் போட்டேன். கதவடியில் நாம் கடைசியாக சேவ் பண்ணிய இடம் அப்படியே இருந்தது. கீழ் வரியை அழுத்தினேன். கதவு திறந்தது. அவ்வளவுதான் மச்சான். ஒரு வரி கீழே.

உள்ளே இருந்த பூதத்தோடு பல தடவை தோற்றேன், பிறகு வென்றேன். உங்களால் அதை எப்படி வெல்ல முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, குணம் அண்ணன்தான் விளையாடியிருப்பார். பிறகு அந்த வெள்ளை உடுப்புக்காரி, என் பெயர்க்காரி, நடுவில் வந்து விழுந்தாள். வாள்காரன் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். நான் மருந்துப் பையைத் திறக்க எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பை நிறைய மருந்து இருந்தது. கொடுக்க விடவில்லை. அவள் மெல்ல மெல்ல வெளிச்சமாகி இல்லாமல் போனாள். அவன் தனியே ஊருக்கு வந்து மேசையில் இரண்டு தட்டு வைத்தான், பிறகு ஒன்றைத் திருப்பி எடுத்தான். எல்லாம் சத்தமில்லாமல். நீங்கள் அழுத பாட்டை நான் கேட்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். அந்த முடிவு பிழை. சாகிறது பிழை என்று சொல்லவில்லை, அது அல்லாஹ்வின் நாட்டம். மருந்தைக் கையில் தந்துவிட்டுக் கொடுக்க விடாமல் வைத்ததுதான் பிழை. எனக்கு அந்த வெள்ளை உடுப்புக்காரிக்காக அழுகை வரவில்லை. உங்களில்தான் கோபம் வந்து, கோபத்தில்தான் அழுதேன். உங்கள் நெஞ்சு வருத்தம் தெரிந்திருந்தால் உப்பைக் குறைத்துச் சமைத்திருப்பேன். கடையைப் பூட்டவைத்திருப்பேன். ஒன்றும் பலிக்காமல் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பேன். ஒன்றாகப் பார்ப்போம் என்றுதானே சொன்னீர்கள்? கேமின் முடிவு, உங்கள் முடிவு, இரண்டையும் குணம் அண்ணனுக்குக் காட்டினீர்கள். எனக்குப் பழுது என்றீர்கள்.

நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்கள். பாருங்கள், நான் தனியே இருந்து அதையும் பார்த்துவிட்டு, எழும்பி, உம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுத்தேன்.

நேற்று நஸீஹா பக்கத்தில் வந்து குந்தினாள். இரண்டாவது ஜொய்ஸ்டிக்கை எடுத்துப் பாயில் அடுத்த பக்கம் வைத்தாள். அதை யாரும் தொட விடமாட்டாள். “இது வாப்பாட. சவூதியில இரிந்து வந்தாக் கேப்பாரு” என்றாள். ஜனாஸா எடுத்த அன்றைக்கு உம்மா அவளுக்கு அப்படிச் சொல்லிவிட்டார், வாப்பா சவூதிக்குப் போய்விட்டார் என்று. எனக்கு அன்றைக்கு மறுத்துப் பேச உடம்பில் பலம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் அதையே சொல்லப் பழகிவிட்டோம். பிள்ளை தாங்கமாட்டாள் என்று.

திரையில் கதவு வந்தது. அவளுக்கும் அந்தக் கதவு தெரியும், உங்கள் மடியிலிருந்து பார்த்ததுதானே.

“இது பழுதுதானே உம்மா?”

ஓம் என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“பழுதில்ல மகள். தொறக்கும்.”

“அப்ப வாப்பா ஏன் பழுதெண்டு சென்னாரு?”

“அவருக்குப் பயம் புள்ள.”

அவள் யோசித்துவிட்டு, “நான் பயமில்ல” என்றாள்.

மச்சான், உங்களை அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு எனக்கு நாள் வேண்டும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், நீங்கள் தந்த வாக்கு மாதிரி இல்லை. நாளைக்கு ளுஹருக்குப் பிறகு நஸீஹாவை மடியில் வைத்து, வாப்பா சவூதியில் இல்லை, மௌத்தாகிவிட்டார், இனி வரமாட்டார் என்று என் வாயால் சொல்வேன். அவள் அழுது முடியும் வரைக்கும் எழும்பமாட்டேன். இன்ஷா அல்லாஹ், இத்தா முடிந்த அன்றைக்கு டீவிச் சத்தத்தைத் திறந்துவிட்டு, அந்தக் கீழ் வரியை அவள் விரலால் அழுத்த வைப்பேன். அந்தப் பாட்டை நானும் அவளும் ஒன்றாக இருந்து கேட்போம்.

இப்படிக்கு,
சாய்ந்தமருதில், இதுவும் உங்கள் வீடாக இருந்த வீட்டிலிருந்து,
உங்கட பொஞ்சாதி, நஸீஹாட உம்மா