ஐந்தரைக் கட்டை

வியாழன், இரவு

இன்று கல்லூரியில் பாட்டுத் தேர்வு. நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்து பாட வேண்டும். அவளுக்குச் சளி. "சுருதிய அஞ்சு கட்டைக்கு எறக்கி வெச்சிடுடி, மேல எட்டாது" என்றாள். தலையாட்டினேன். ஆனால் சுருதிப் பெட்டியை ஐந்தரையிலேயே விட்டுவிட்டேன். அங்கேதான் என் குரல் எடுபடும்.

அனுபல்லவியில் அவள் குரல் உடைந்தது. நான் மட்டும் விடாமல் பாடி முடித்தேன். "சாதகம் போதாது" என்றார் டீச்சர், அவளைப் பார்த்து.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே வந்தாள். "நீ எறக்கி வெச்சும் எனக்கு எட்டலைடி. என்னால ஒனக்கும் மார்க் போயிருக்கும்."

புதுச்சத்திரம் வருவதற்குள் சொல்லிவிட நினைத்தேன். கடலூரே வந்துவிட்டது.

இறங்கும்போது, "அடுத்த பரீட்சைக்கும் நீயே சுருதி வெச்சிடுடி" என்றாள்.

தலையாட்டினேன்.