யாருமே வராவிட்டால், அண்ணே?

என் சுந்தர் அண்ணனுக்கு,

அன்பு இல்லாத இடத்தில் இவ்வளவு கோபம் வராது. அதனால் அன்போடுதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் லேபில் உங்கள் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் சிரிக்கிறீர்கள். தினமும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போக வேண்டியிருக்கிறது, பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை என்று அண்ணி சொன்னார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையை நம் ஊர் மத்திகிரியே பார்த்தது. இப்போது கேட்டால் அதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கெர்னலில் நாம் செய்த மாற்றத்தில் உள்ள பிழை, நீங்கள் இறந்த பிறகு நான் கை வைத்ததால் வந்தது என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே ஷாகிரா என்று என் பெயர், கையெழுத்துக்கு இடம். போடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு அந்தக் கோப்பில் நான் செய்தது என்ன தெரியுமா? உங்கள் விளக்கக் குறிப்பில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினேன். அவ்வளவுதான்.

மற்றவர்களும் இதைப் படிக்கட்டும், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதி.

தொழிற்சாலை இயந்திரங்களைக் கண்காணிக்கிற பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி நம்முடையது. சூடு, அழுத்தம், வேகம் என்று ஒவ்வொரு சென்சாரும் நெட்வொர்க் வழியாகக் குட்டிக் குட்டிப் பாக்கெட்டாகச் செய்தி அனுப்பும். அவை வந்து இறங்குகிற வாசலுக்கு சாக்கெட் என்று பேர். வாசலைக் காக்கிறது கெர்னல், பெட்டியின் அடித்தள மென்பொருள். நம் புரோகிராம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு நடை போய், “வந்திருக்கா, குடு” என்று அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வரும்போது, போய் வரவே பெட்டிக்கு நேரம் சரியாக இருந்தது. வாங்க ஆளில்லாமல் பாக்கெட்டுகள் வீணாகிக்கொண்டிருந்தன.

அப்புறம் அந்த ஷேர் ஆட்டோ. ஓசூர் பஸ் ஸ்டாண்டில், மத்திகிரி போக நாம் இருவரும் ஏறி உட்கார்ந்திருந்தோம். ஆள் நிறையாமல் எடுக்க மாட்டேன் என்றார் டிரைவர். நீங்கள் அவரோடு மல்லுக்கு நின்றீர்கள். நான்தான் சொன்னேன்: “அண்ணே, கெர்னலும் இந்த மாதிரி பண்ணா என்ன? ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ட்ரிப் எதுக்கு? முப்பத்திரண்டு சேரட்டும், ஒரே ட்ரிப்ல ஏத்திட்டு வரட்டும்.” சண்டையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். “தங்கச்சி, இது தேறும்போல இருக்கே” என்றீர்கள். டிரைவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

பாதி நான் எழுதினேன், பாதி நீங்கள் எழுதினீர்கள். நிறைகிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்க முடியாதே, அதனால் அரை நொடி கெடு வைத்தோம். கெடு முடிந்தால் இருக்கிற ஆளோடு வண்டியை எடுத்துவிட வேண்டும். அந்தக் கெடுவை எழுதியது நீங்கள். ஒரு பாக்கெட் ஏறும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார் என்று எழுதினீர்கள். ஏறும்போது மட்டும்.

நான் சோதனைக்கு ஏழு பாக்கெட் அனுப்பி நிறுத்தினேன். கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி அப்படியே நிற்கிறது. எட்டாவது ஆள் வந்து ஏறினால்தானே அது மணி பார்க்கும்? உங்களிடம் ஓடி வந்தேன்.

“அண்ணே, அதுக்கப்புறம் யாருமே வரலைன்னா?”

“யாராச்சும் வந்துக்கிட்டேதான் இருப்பாக தங்கச்சி. பேக்டரியில என்னைக்கு சென்சார் சும்மா இருந்திருக்கு? மொதல்ல டெலிவரி முடியட்டும், பெறகு பாத்துக்கிருவோம்.”

டெலிவரி முடிந்தது. பிறகு என்ன பார்த்தீர்கள்? வெளிநாட்டுக் கெர்னல்காரர்கள் கூடுகிற மின்னஞ்சல் குழுவுக்கு நம் மாற்றத்தை அனுப்பினீர்கள், உங்கள் பெயரை மட்டும் போட்டு. அவர்கள் பாராட்டி எழுதியதை அச்செடுத்து ஒட்டி, மைசூர்பாகு கொடுத்தீர்கள். எனக்கு இரண்டு துண்டு. என் பேர் எங்கே என்று கேட்டதற்கு, “அண்ணன் பேரு போட்டா என்ன, தங்கச்சி பேரு போட்டா என்ன? எல்லாம் ஒரே வீடுதான?” என்றீர்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் ‘தங்கச்சி’ எனக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் என்னை ‘அந்தப் பொண்ணு’ என்பார்கள். முறை சொல்லிக் கூப்பிட்ட முதல் சீனியர் நீங்கள். அந்த முறையைக் காட்டியே என் பெயரை விழுங்கிவிட்டீர்கள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தன் எனக்கு இருக்கிறான், கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுப்பான். உங்களுக்கு மட்டும் யார் இந்தச் சலுகை கொடுத்தது?

இனி, உங்களுக்குத் தெரியாத சேதி. போன மாதம் நம் பெட்டி வைத்த தொழிற்சாலை ஒன்றில், பெயின்ட் காயவைக்கிற அடுப்பில் சூடு எகிறிவிட்டது. டீ டைம், லைன் முழுவதும் நின்றிருந்தது. சூடு ஏறிவிட்டது என்று அந்த ஒரு சென்சார் மட்டும் ஒரே ஒரு செய்தி அனுப்பியது. அதை ஏற்றிக்கொண்ட கெர்னல், அடுத்த ஆளுக்காக நின்றது. வேறு எந்த சென்சாரும் பேசவில்லை. கெர்னலும் மணி பார்க்கவில்லை. திரையில் பழைய சூடே தெரிந்தது. மாதேஷ் என்கிற தொழிலாளி அதை நம்பி அடுப்பின் கதவைத் திறந்தார்.

அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நம் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி, மாட்டுப் பண்ணைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார், சொந்த ஊர் தளி. வலது கை முழங்கை வரைக்கும் கட்டு.

“ஸ்கிரீன்ல கம்மியாத்தான் காட்டினு இருந்துச்சு மேடம். அலாரமும் அடிக்கல. நான் பார்க்காம தொறந்துட்டேன்னு சூப்பர்வைசர் எழுதிட்டாரு. நான் பார்த்தேன் மேடம். பார்த்துட்டுத்தான் தொறந்தேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, வந்திருப்பது யார் என்று கன்னடத்தில் கேட்டார். “மிஷின் மாடிதவரு” என்றார் மாதேஷ். மிஷினைச் செய்தவர். இத்தனை நாளில் ஒருத்தர் என்னை அப்படிச் சொன்னது அந்த வீட்டில்தான், அண்ணே. கொடுத்த காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

இன்று காலை அண்ணி லேபுக்கு வந்தார்கள். முதலாளி சொல்லி அனுப்பியிருப்பார். “செத்தவுக பேரை எதுக்கும்மா இழுக்கணும்? லேபுக்கு அவுக பேரு வைக்கப் போறாகளாம். உன்னைத் தங்கச்சி தங்கச்சின்னு உருகுவாகளே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் போனது நீங்கள், பரிமாற வேண்டியவள் மட்டும் நானா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விட்டுவிட, கட்டுப் போட்டிருப்பது என் கையா, உங்கள் கையா?

கெடுவைத் திருத்திவிட்டேன். இப்போது யாரும் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அரை நொடியில் கெர்னலைத் தட்டி எழுப்பத் தனியாக ஒரு மணி இருக்கிறது. ஒரு நாள் வேலைதான். நீங்கள் உயிரோடு இருந்தபோதே நாம் செய்திருக்கலாம் என்பதை நினைக்கும்போதுதான் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

முதலாளி கொடுத்த தாளைக் கிழித்துவிட்டேன். நானே ஒன்று எழுதினேன். கெடுவைத் தவறாக எழுதியது சுந்தரமூர்த்தி. பெட்டி நின்றுபோகும் என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகும், டெலிவரியைத் தடுக்காமல் வாயை மூடிக்கொண்டது ஷாகிரா. மாதேஷ் திரையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார், அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இதை நாளை முதலாளியிடமும், அந்தத் தொழிற்சாலையிலும், அந்த மின்னஞ்சல் குழுவிலும் கொடுப்பேன். வேலை போனாலும் சரி, அண்ணி மறுபடி வந்து அழுதாலும் சரி, ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பெயரோடு என் பெயரும் ஒரே தாளில் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? வந்துவிட்டது, அண்ணே.

உங்கள் தங்கை,
ஷாகிரா