அப்பாவின் கறிப்பங்கு

இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை
11.07.2004

அன்பு மகன் றொமேசுக்கு அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம், அப்பாவும் சுகம். போன கடிதத்தில் இதை ஒப்புக்குத்தான் எழுதினேன், இம்முறை உண்மையாகவே எழுதுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க மாதா துணை நிற்பாள்.

நீ ரெலிபோனில் கோபப்பட்டதை நான் மறக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டோம் என்று கனடாவில் சனம் கதைக்கிறதாம். கதைக்கிற சனத்தை ஒருநாள் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டச் சொல்லு. வாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க இழுத்துப்போன மனிசனை நான் ஒருத்தி கிணற்றடிக்குக் கொண்டுபோக ஏலாது, விழுந்தால் இரண்டு பேருமாகத்தான் விழுவோம். சிஸ்டர்மாரின் இல்லம் கோயிலுக்குப் பின்பக்கம்தானே, காலைப் பூசை முடிய நேரே அவரிடம் போய் முகம் வழித்து, கால் உருவிவிட்டு, பின்னேரம் செபமாலை சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். இதில் விட்டது எங்கே?

ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அங்கே போன நாள் தொட்டு அவர் சாப்பிடவில்லை. புட்டையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை, சுவரைப் பார்த்தபடி கிடந்தார், தேத்தண்ணியில்தான் உயிர் நின்றது. இப்படியே போனால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கால் குழாய் விடவேண்டும் என்று இல்லத்துப் பெரிய மதர் சொன்னார். என்னப்பா செய்யுது, வாயைத் திறந்து சொல்லுங்கோ என்று கத்தியே விட்டேன். கோணின வாயால் மெல்லச் சொன்னார், இஞ்சாரும், கறிமீன் நிண்டுபோச்சு, என்னைச் செத்தவன் எண்டு விட்டிட்டாங்கள் என்று.

நீயும் அப்பாவோடு அந்த வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன், உனக்குத் தெரியாததா? கரைக்கு வந்ததும் விற்க முன்னம் ஆளுக்கொரு கை மீன் கறிக்கு எடுத்து வைப்பது. படுக்கையில் கிடப்பவனுக்கும் பங்கு உண்டு, செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தால்தான் அது நிற்கும். அப்பா வீட்டில் படுத்திருந்தபோது கூட்டாளி கிறிஸ்தோப்பர் மாமா நாள் தவறாமல் ஓலை உமலில் மீன் கொண்டுவந்தவர், இல்லத்துக்குப் போனதும் நிறுத்திவிட்டார். நானும் கவனிக்கவில்லையே! நேரே துறைக்குப் போய் எல்லார் முன்னாலும் கேட்டேன், மனிசன் உயிரோட இருக்கேக்கையே பங்கை வெட்டிப்போட்டியளோ அண்ணை என்று. ஐயோ தங்கச்சி, மதர் சோறு குடுக்கிற இடத்துக்கு நான் மீன் கொண்டுபோனால் அவவுக்கு மரியாதைக்குறைவு எண்டெல்லோ நினைச்சனான் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலமை அவரே உமலோடு வந்து அப்பாவின் கட்டிலில் வைத்தார். மதர் சிரித்துக்கொண்டே குசினி அடுப்பை எனக்கு விட்டார். நல்ல ஒட்டி மீன், பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அப்பா இடக்கையால் தானே பிசைந்து தின்றார், ராசா, நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இப்போது முகத்தில் சதை பிடித்திருக்கிறது, உப்புக் காணாது என்று என்னை ஏசவும் தொடங்கிவிட்டார்.

அதனால் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற கதையை விடு. அவருக்குச் சமைக்க ஆள் வேண்டும். பிள்ளைக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடு, இரவு வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே. கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

ஒன்று மறந்துபோனேன். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்த கையோடு அப்பா உமலைத் தட்டிக் காட்டி மாமாவிடம் கேட்டார், றொமேசின்ரை பங்கு எங்கை, அவனும் இந்த வள்ளத்துக்காரன், உயிரோடதானே இருக்கிறான் என்று. அன்று தொடக்கம் மாமா உனக்கும் எடுத்து வைக்கிறார். பக்கத்துக் கட்டில் வேலணை ஐயாத்துரையருக்கு வந்து பார்க்க ஒருவரும் இல்லை, அதை அவர்தான் தின்கிறார். வெள்ளிக்கிழமை அவர் சைவம், பூனைக்கு யோகம். அடுத்த வருசமாவது ஒருக்கால் வந்து உன் பங்கை நீயே தின்றுவிட்டுப் போ. அப்பா இருக்கும்போதே வா.

உன் அன்பு அம்மா
மேரிறோஸ்