எப்போ சாப்புடுவீங்க?

என் கன்னியம்மா அக்கா,

நல்லா இருக்கியான்னு கேக்க வழியில்ல. நான் நல்லா இல்ல, அத மட்டும் சொல்லிடறேன். பாண்டியிலேர்ந்து செஞ்சிக்குத் திரும்பற பஸ்ஸுல, நீ எப்பவும் ஓடிப் போய் புடிக்கற ஜன்னல் சீட்டுல உக்காந்து எழுதறேன். பக்கத்துல காலிக் கூடை. பஸ் குலுங்குது. எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

நீ போனதுக்கு அப்புறம் வர மொத சீத்தாப்பழ சீசன் இது. கோட்டை மலை, தொண்டூர் பாறைப் பக்கமெல்லாம் காய் நல்லா புடிச்சிருக்குது. எட்டு வருசம் நீ முன்னால, நான் பின்னால பாண்டிக்குக் கூடை தூக்கினோம். காய் பொறுக்கறது நீ, விலை பேசறது நீ, வாசல்ல உக்காராதன்னு சொல்ற கடைக்காரரோட மல்லுக்கு நிக்கறதும் நீ. நான் இன்னா பண்ணேன்? சும்மா கூட இருந்தேன்.

இந்த வருசம் தனியாப் போனேன். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்ல சமையலப் பாத்துக்கற பெரியவர் ஒருத்தர் பழத்தப் பாத்துட்டு, வாரத்துக்கு ரெண்டு வாட்டி மூணு கூடை கொண்டாரச் சொன்னாரு. ஐஸ்கிரீம் போடுவாங்களாம். இது நெலச்சா பிளாட்பாரத்துல வெயில்ல காய வேணாம். நெலைக்கலன்னா திரும்ப சித்தாள் வேலைதான், என் முதுகு தாங்காதுன்னு உனக்குத் தெரியும்.

நல்ல காயா, ரெண்டு நாள்ல பழுக்கறதாப் பொறுக்கிக் கொண்டுபோனேன். எட்டு வருசம் பாண்டிக்குப் போயும் நாம கடலப் பாத்ததில்லியே, அந்த ஓட்டல் பின் கேட்டுல நின்னா அலைச் சத்தம் கேக்குது. அதுக்கே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. உள்ள போனா எல்லாம் வெள்ளைத் தொப்பி, இங்கிலீஷ். கூடைய எறக்கி வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம ஓடியாந்துட்டேன்.

மூணாம் நாள் பெரியவர் போன் பண்ணாரு. "என்னம்மா இது? பூரா கறுத்துப் போய் கல்லாட்டம் கெடக்குது. ஏமாத்தறியா?" கேட்டுக் கேட்டுப் பாத்தா, வந்த அன்னிக்கே ஃபிரிட்ஜுல வெச்சிருக்காங்க! சீத்தாக் காய யாராவது ஃபிரிட்ஜுல வெப்பாங்களா? நம்மூர்ல சின்னப் புள்ளகூட பழுக்கறதுக்கு அரிசிப் பானையிலதான பொதைக்கும்?

ஆனா தப்பு அவங்களது இல்லக்கா. என்னுது. ஒத்தப் பழம் வாங்கறவங்களக்கூட நீ வுட மாட்ட. "எப்போ சாப்புடுவீங்க?"ம்ப. இன்னிக்குன்னா தோல்ல கண்ணு வெடிச்ச பழம், நாளைக்குன்னா லேசா மெத்துன்னு இருக்கறது, நாளன்னிக்குன்னா காய். "காய ஃபிரிட்ஜுல வெச்சுடாதீங்க, கறுத்துடும்"னும் சொல்லுவ. எனக்கு மானம் போவும். "படிச்சவங்கக்கா, சும்மா இரு"ன்னு இடுப்புல கிள்ளுவேன். "படிச்சவங்க வாங்கினா காய் சீக்கிரம் பழுத்துடுமாடி?"ன்னு நீ சிரிப்ப.

இன்னிக்கு நேராப் போனேன். திண்டிவனத்துலயே எறங்கி வூட்டுக்கு ஓடிடலாம்னு எழுந்தே நின்னுட்டேன். அப்புறம் ஜன்னல் கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

பெரியவர் மொறைச்சாரு. கூடையில கொண்டுபோன ரெண்டு பழத்தையும் ஒரு காயையும் மேஜை மேல வெச்சேன். "சார், எப்போ சாப்புடுவீங்கன்னு கேக்காம வெச்சுட்டுப் போனது என் தப்பு. இது இன்னிக்கு. இது நாளைக்கு. இது நாளன்னிக்கு, வெளிய காத்தாட இருக்கணும்"ன்னேன். மொதப் பழத்தப் பிட்டு ஒரு சொளைய வாயில போட்டாரு. அவர் கொட்டையத் துப்பற வரைக்கும் எனக்கு மூச்சே வரல. "வெள்ளிக்கிழமை இன்னும் ஒரு வாட்டி கொண்டா. அதுவும் வீணாப் போச்சுன்னா இந்தப் பக்கம் வராத"ன்னாரு.

ஒரே ஒரு வாட்டிக்கா. பயம் போவல, ஜாஸ்திதான் ஆயிடுச்சு. காய் மேல கட்டை விரல வெச்சு அமுக்கிப் பாத்து நாள் சொல்றது நீயாச்சே. நான் சொல்றது சரியான்னு இனிமே யாரக் கேப்பேன்?

போன வருசம் கடைசிக் கூடையிலேர்ந்து ஒரு காய எடுத்து எங்க வூட்டு அரிசிப் பானையில பொதைச்சியே, ஞாபகம் இருக்குதா? "இது நாளன்னிக்குடி. நான் வந்து சாப்புடுவேன், தொட்டுடாத"ன்னு சொல்லிட்டுப் போன. மறுநாள் காலையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவ, எழுந்துக்கவே இல்ல. அதுக்கு அடுத்த நாள் அரிசி எடுக்கக் கைய வுட்டா, நீ சொன்ன மாதிரியே கண்ணு வெடிச்சு மெத்துன்னு இருக்குது. எனக்கு சாப்புட மனசு வரல. உன் படத்துக்கு முன்னால வெச்சேன். எறும்பு தின்னுடுச்சு.

இன்னிக்கு புதன்கிழமை. வூட்டுக்குப் போனதும் ஒரு காயப் பொறுக்கி, "நாளன்னிக்கு"ன்னு என் வாயால சொல்லி அரிசிப் பானையில பொதைக்கப் போறேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கைய வுட்டுப் பாப்பேன். பழுத்திருந்தா உன் படத்துக்கு முன்னாலயே உக்காந்து சாப்புட்டுட்டு பஸ் ஏறுவேன். பழுக்கலன்னாலும் ஏறுவேன், பயந்துக்கிட்டேதான் ஏறுவேன். ஆனா கேக்காம ஒரு பழத்தக்கூட எறக்க மாட்டேன். இது உம்மேல சத்தியம்.

உன் கூடப் பொறக்காத தங்கச்சி,
வசந்தா