கால் விரிந்த வாத்துக்குஞ்சு

பிரியமான அண்ணா,

உன் வாத்து முட்டையிட்டது. ஒன்பது முட்டை. ஆனால் அடையில் உட்காரத்தான் அதற்கு மனம் வரவில்லை. கால் மணி நேரம் இருந்துவிட்டு ஓடைப் பக்கம் உலாத்தக் கிளம்பிவிடும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கறுப்புக் கோழிக்கு அடை வைத்தேன். கோழிக்குஞ்சுக்கு இருபத்தொரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு. மிச்ச ஏழு நாளும் அந்தக் கோழி என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கும், சொல்லு?

எட்டுக் கூமுட்டை. ஒன்றே ஒன்றுதான் பொரித்தது. அடை வைத்த மறுநாளே ஓடையிலிருந்து ஏறி வந்த கபரகொய்யா, அந்தப் பெரிய நீர் உடும்பு, அதன் ஜோடி ஆண் வாத்தைக் கொண்டுபோய்விட்டது. இனிக் குஞ்சுக்கு வழியில்லை. கீழ்க்கிராமத்துச் சிங்களச் சனம் உன்னைத் 'தாரா மல்லி', வாத்துத் தம்பி, என்று கூப்பிடுமே, அந்தப் பெயருக்கு வாரிசு இந்த ஒன்றுதான். இதைப் பிழைக்க வைத்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி.

ஆனால் குஞ்சால் நிற்க முடியவில்லை. கால்கள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, வயிறு தரையில் படக் கிடந்து துடித்தது. கோழி ஒரு கொத்துக் கொத்தி ஒதுக்கிவிட்டது. அட்டைப் பெட்டியில் பேப்பர் விரித்து, பல்பு மாட்டி, அடுப்படியில் வைத்தேன். உன் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, இது தேறாது என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டார்.

கால்களைச் சேர்த்துக் கட்டினால் நிற்கும் என்று பட்டது. பால் வெட்டுகிறவளுக்குக் கட்ட என்ன கிடைக்கும்? இறப்பர் மரத்தில் கத்தி வைக்கும் முன் பழைய வெட்டிலிருந்து உரிக்கிற ஒட்டுப்பால்தான். நாடா போல மெத்தென்று இழுபடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கட்டிவிட்டு மலைக்குப் பால் வெட்டப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் பாதம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. இழுத்துக் கட்டிய ஒட்டுப்பால் சுருங்கும், ஒட்டினால் பிரியாது. இருபது வருஷமாக உரிக்கிற எனக்கு இது தெரியாதா? பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்தேன்.

தோட்டத்து மிட்வைஃப் அம்மாவிடம் ஓடினேன். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டர் துண்டைச் சுற்றிவிட்டு, “இறுக்காதீங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு விரல் போகணும். பேப்பர் வழுக்கும், சாக்கு விரிங்க” என்றார்.

அதிலிருந்து அதை வேடிக்கை பார்ப்பதே எனக்கு வேலை. அலகு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது, முட்டை ஓட்டை உடைக்க. மூன்றாம் நாள் அதைக் காணோம். சாக்கை உதறித் தேடினேன், கிடைக்கவில்லை. நீ எப்போதாவது கண்டெடுத்திருக்கிறாயா? தண்ணீர்க் கிண்ணத்தில் தலையை முக்கி முதுகில் தெளித்துக்கொள்கிறது. கோழி செய்யாத வேலை. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான்காம் நாள் கட்டைப் பிரித்தேன். விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தேன். அது என் உள்ளங்கையில் சாய்ந்துகொண்டதே தவிர நிற்கவில்லை. மறுபடி, மறுபடி. அப்போது உலை பொங்கியது. மூடியைத் தூக்கப் போய்விட்டுத் திரும்பினால், சாக்கின் நடுவில் நிற்கிறது. தள்ளாடி, நான்கு எட்டு வைத்துக் கிண்ணத்துக்குப் போனது. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதேன் அண்ணா.

நீ கண்ணை மூடுவதற்கு முன், பக்கவாதம் வந்து கிடந்த கடைசி மாதம் தினமும் சொன்னாய். “விடு பாப்பா, நானே எந்திரிக்கிறேன்.” நான் ஒரு நாளும் விடவில்லை. ஒரு தரம் கோபத்தில் என் கையைத் தட்டிவிட்டாய், அப்போதும் மறுபடி பிடித்தேன். நீ விழுந்துவிடுவாய் என்று எனக்கு அவ்வளவு பயம். இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனாலும், விட்டிருந்தால் ஒரு நிமிஷமாவது நின்றிருப்பாயா? அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. என்னை மன்னித்துவிடு.

இறகு முளைத்ததும் குஞ்சை ஓடைக்குக் கொண்டுபோவேன். கரையில் இறக்கிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். இது சத்தியம்.

கையை விடத் தெரியாத உன் தங்கச்சி,
பாப்பா