ருஷியாக்காரர் யார் பக்கம்?

நீர் போய்ச் சேர்ந்த பிறகு உம் வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பிய தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை இன்றுதான் திறந்தேன். குப்பென்று உம் மூக்குப்பொடி வாடை. தும்மி முடித்து முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. என் நாலாம் பாரத்து இங்கிலீஷ் பருத்தி மூட்டைக்கு விலாசம் எழுதத்தான் லாயக்கு என்று நீரே சொல்வீர்.

அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு நீர் வருவீர்; பருத்திக் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு நான் வருவேன். தாமிரபரணி மணலில் துண்டை விரித்துக்கொண்டு இந்தப் புத்தகத்து ருஷிய நாவலை நீர் தமிழில் சொல்ல, வில்லுப்பாட்டுப் பின்பாட்டுக்காரன்போல நான் ‘ஆமா’ போடுவேன். தொல்லையே அதில்தான். புருஷன் பேசினால் ஆமா. பெண்டாட்டி பேசினால் அதற்கும் ஆமா. மாமியார்க்காரி பேசியபோதுகூட என் தலை தானாக ஆடிற்று.

“எழுதினவரு யாரு பக்கம், வே?”

“யாருக்குத் தெரியும்? எல்லார் வாய்க்குள்ளயும் ஒளிஞ்சிக்கிட்டுல்லா பேசுதாரு.”

“ஒளியுததுக்கு அவரு மேல வாரண்டா இருக்கு? நம்ம சபை ஐயரு பிரசங்கத்துக் கடைசியில ‘ஆகவே பிரியமானவர்களே’ன்னு தீர்ப்பு சொல்லிருதாருல்லா?”

“அதனாலதான் நீரு அங்கன தூங்குதீரு, இங்கன முழிச்சிருக்கீரு.”

அந்த வாரம் என் மகள், புருஷன் கைநீட்டுகிறான் என்று ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அழைத்துப்போவதாகச் சம்பந்தி சொல்லியனுப்பினார். அனுப்பவா, வைத்துக்கொள்ளவா என்று உம்மிடம் கேட்டேன். யோசனை கேட்டவனுக்கு நீர் கதையின் மிச்சத்தைச் சொன்னீர்! புருஷன் வீட்டுக்குப் போக மறுக்கும் மகளை ஒரு தகப்பன் பனியில் சறுக்குவண்டி ஏற்றி அனுப்புகிறான். ஊர்வாய், மானம், இளையவள் கல்யாணம் என்று அவன் பேசியதெல்லாம் நியாயம். மகள் பேசியதும் நியாயம்.

“உம்ம அபிப்பிராயம் என்ன, வே?”

“ருஷியாக்காரரே சொல்லலை. நான் எப்படிச் சொல்ல?”

வீட்டுக்கு வந்து மகளிடம் அதே கதையைச் சொன்னேன். அவள் திரும்பிப் போவதே நல்லது என்றுதான் என் எண்ணம். அதை வெளியே காட்டாமல், ருஷியாக்காரர் மாதிரி, அந்தத் தகப்பன் வாய்க்குள் பதுக்கினேன். பெண் வண்டியில் ஏறுகிற இடம் வந்தது. இருமினேன். தண்ணீர் குடித்தேன். அவளை ஏற்றவே முடியவில்லை.

“யப்பா, நீங்க என்னைய அனுப்பமாட்டீய,” என்றாள் மகள். கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

எனக்கே தெரியாத என் கட்சி அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியின் வண்டி வெறுமனே திரும்பிற்று. போகுமுன் அவர் என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதில் பாதிக்கும் என் தலை ஆடிற்று. என்ன செய்ய!

அவள் இப்போது பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்குத்தான் இன்னமும் குழப்பம் தீரவில்லை. அந்தத் தகப்பன் ருஷியாக்காரர் எழுதியவனா, எனக்காக நீர் செருகியவனா? ஒளிந்திருந்தவருக்குள் நீரும் ஒளிந்திருந்தீரோ? இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டீர்.

“அந்தக் கதைய முடிங்கப்பா,” என்று மகள் எப்போதாவது கேட்பாள். வாசலில் சறுக்குவண்டி வந்து நிற்கிறவரைக்கும் சொல்லுகிறேன். அதற்குமேல் அவர் என்ன எழுதியிருந்தாலும் எனக்குச் சொல்ல வரவில்லை, வே.